இடப்பக்கம் ஆள் இல்லை

ஒரு காலத்தில், ஜப்பான் தேசத்துத் துறைமுக ஊர் ஒன்றில், சாய்ந்து சாய்ந்தே பேர் வாங்கிய முத்திரை ஒன்று இருந்தது. எருமைக்கொம்பில் செய்தது. சுண்டுவிரல் தடிமன், வட்ட முகம், முகத்தில் 'முராகோஷி' என்று பெயர். அந்த நாட்டில் கையெழுத்துக்குப் பதிலாகப் பெரும்பாலும் பெயர் முத்திரைதான். அது விழாத காகிதத்தை யாரும் ஏறெடுத்துப் பார்ப்பதில்லை.

முத்திரையின் எஜமானர் முராகோஷி, மீன் டப்பா கம்பெனி ஒன்றில் இருபத்தாறு வருடம் குப்பை கொட்டியவர். அந்தக் கம்பெனியில் ஒரு பேனா வாங்குவதென்றாலும் காகிதம் ஊர்வலம் போகும். காகிதத்தின் தலையில் வரிசையாக ஏழு கட்டங்கள். இடது ஓரம் இயக்குநருக்கு. அடுத்தடுத்துப் பதவி இறங்கிக்கொண்டே வந்து, வலது ஓரத்துக் கடைசிக் கட்டம் முராகோஷிக்கு.

அந்தக் கட்டத்தில் முத்திரையை நேராகக் குத்தினால் மரியாதைக் குறைவு. இடப்பக்கமாகக் கொஞ்சம் சாய்த்துக் குத்த வேண்டும். அப்போதுதான் அது மேலதிகாரிகளைப் பார்த்துக் குனிந்து வணங்குகிற மாதிரி இருக்கும். இப்படி ஒரு விதி எந்தப் புத்தகத்திலும் எழுதியிருக்கவில்லை. அதனாலேயே அதை யாராலும் மீற முடியவில்லை.

வட்ட முத்திரைக்கு இதில் தலைகால் புரியாத பெருமை. "சாதாரண நாள்ல பத்துப் பாகை சாய்வேன். இயக்குநர் கோவமா இருக்கார்னு தெரிஞ்சா இருபது. பதவி உயர்வு வர்ற மாசத்துல கிட்டத்தட்டப் படுத்தே விடுவேன்" என்று மேசை இழுப்பறைக்குள் சொல்லிக்கொள்ளும்.

"படுத்து என்னத்தைக் கண்டே? இன்னும் அதே கடைசிக் கட்டந்தானே?" என்று கேட்கும் மைப்பெட்டி. சிவப்பு மை வைத்த சின்னப் பெட்டி அது. அதற்கு மூடி உண்டு, ஆனால் வாயை மூடத் தெரியாது.

ஐம்பத்தோராவது வயதில் முராகோஷி யாரும் எதிர்பாராத காரியம் ஒன்று செய்தார். நாலாவது முயற்சியில் ஓர் அரசாங்கத் தேர்வில் தேறி, வேலையை விட்டுவிட்டார். ஜனங்களுக்காக அரசு அலுவலகங்களுக்கு மனு எழுதிக் கொடுக்கும் தொழில் அது. கடை வைக்க உரிமம், நாட்டில் தங்க அனுமதி என்று எதுவானாலும் சட்டப்படி எழுதித் தரலாம். கூட்டாளி கிடையாது, தனி ஆள். டோஃபு கடைக்கு மாடியில் ஓர் அறை பிடித்தார். மேசை வந்தது, டெலிபோன் வந்தது, பூட்டுள்ள இரும்பு அலமாரி வந்தது.

பெயர்ப் பலகை மாட்டுவதற்கு முன் அந்தத் தொழில்காரர்களின் சங்கத்தில் பேர் பதிய வேண்டும். சங்கத்திலிருந்து இரண்டு பேர் வந்து அறையைப் பார்த்தார்கள். அலமாரியின் பூட்டை மூன்று தடவை இழுத்துப் பார்த்தார்கள். திறக்கவில்லை. அன்றையிலிருந்து அலமாரி யாரோடும் முகம் கொடுத்துப் பேசுவதில்லை.

அதன் பிறகு ஒரு சின்னப் பட்டுப் பையில் வந்து இறங்கியது தொழில் முத்திரை. சதுர முகம், புது மரத்து வாசனை. அதன் முகத்தில் பெயரோடு தொழிலின் பட்டமும் செதுக்கியிருந்தது.

"தம்பி, உனக்கு இடப்பக்கம் யாரு?" என்று வட்ட முத்திரை அக்கறையாக விசாரித்தது.

"இடப்பக்கமா? எனக்கு எந்தப் பக்கமும் யாரும் கிடையாது அண்ணே. தனித் தொழில். நான் எவனுக்கும் குனிய மாட்டேன்."

"சொல்றது சுலபம். காகிதத்துல விழறப்போ தெரியும்."

"ரெண்டு பேரும் என் மையைத் தொட்டுக்கிட்டுத்தானே விழணும்? பார்த்துடலாம்" என்றது மைப்பெட்டி.

பெயர்ப் பலகை மாட்டும் முன்பே முதல் வாடிக்கையாளர் வந்துவிட்டார். தூத்துக்குடிக்காரர், பெயர் சவரிராயன். கப்பலில் சமையல்காரராக வந்து, ஊர் பிடித்துப்போய் இறங்கியவர். துறைமுகத் தெருவில் தோசைக்கடை போட இடம் பார்த்து வைத்திருந்தார். பேசியது ஜப்பானிய மொழிதான், ஆனாலும் தூத்துக்குடி வாடை போகவில்லை.

"சென்செய், கடை உரிமத்துக்கு மனுவை நீங்கதான் எழுதித் தரணும்" என்றார்.

சென்செய் என்றால் ஐயா, குரு என்கிற மாதிரி. டாக்டருக்கும் வக்கீலுக்கும் வாத்தியாருக்கும் அங்கே அதே மரியாதைதான். முராகோஷி திரும்பிப் பின்னால் யார் நிற்கிறார்கள் என்று பார்த்தார். அலமாரிதான் நின்றது.

"மாசக் கடைசிக்குள்ள மனு போகலேன்னா கட்டடக்காரர் இடத்தை வேற ஆளுக்குக் குடுத்துருவாராம்" என்றார் சவரிராயன். "நம்பித்தான் வந்திருக்கேன்."

சங்கத்தில் பேர் ஏறாமல் முராகோஷி இன்னொருவருக்காக ஒரு வரி எழுதித் தரவும் சட்டம் இடம் கொடுக்காது. வெள்ளிக்கிழமை மாலை ஐந்து மணிக்குள் காகிதங்கள் சேர்ந்தால்தான் இந்த மாதப் பட்டியலில் பேர் வரும். தவறினால் அடுத்த மாதம். அதற்குள் சவரிராயனின் கடையும் போயிருக்கும், முராகோஷியின் ஒரே வாடிக்கையாளரும் போயிருப்பார்.

புதன்கிழமை காகிதங்களை எடுத்துக்கொண்டு முராகோஷி சங்கத்துக்குப் போனார். விண்ணப்பத்தில் வட்ட முத்திரை, அடுத்த தாளில் சதுர முத்திரையின் மாதிரி. கவுன்டரில் இருந்த ஒகாத்தா என்ற அம்மாள் இரண்டையும் பார்த்தாள்.

"மன்னிக்கணும் முராகோஷி-சான். ரெண்டும் சாய்ஞ்சிருக்கு. பதிவுத் தாள்ல நேரா இருக்கணும். சிரமம் பார்க்காம இன்னொரு தடவை போட்டுக் கொண்டாந்துடுங்க."

பைக்குள் சதுர முத்திரை தன் பட்டு உறைக்குள் முகத்தைப் புதைத்துக்கொண்டது.

"ஏம்ப்பா, எவனுக்கும் குனிய மாட்டேன்னியே! பொறந்து பத்து நாள் ஆகல, அதுக்குள்ளே கும்பிடா?" என்றது மைப்பெட்டி.

"நான் நேராத்தான் விழுந்தேன். மேலேயிருந்து யாரோ சாய்ச்சுட்டாங்க" என்று சதுரம் முனகியது.

வியாழக்கிழமை முராகோஷி மிகவும் ஜாக்கிரதையாக இருந்தார். இடப்பக்கம் சாயவே கூடாது என்று பல்லைக் கடித்துக்கொண்டு குத்தினார். இரண்டு முத்திரைகளும் வலப்பக்கம் சாய்ந்தன. மேசையின் வலப்பக்கம் குப்பைக்கூடை இருந்தது.

"இது யாருக்கு மரியாதை? கூடைக்கா?" என்று கேட்டது மைப்பெட்டி. அன்றைய தாளும் திரும்பி வந்தது.

வெள்ளிக்கிழமை முழுவதும் பழைய செய்தித்தாளில் பயிற்சி நடந்தது. நூறு தடவை குத்தியிருப்பார். கையைப் பார்த்துக் குத்தினால் செய்தித்தாளில் நேராக விழுந்தது. நல்ல தாளை எடுத்ததும் மணிக்கட்டு தானாக இடது பக்கம் திரும்பியது. கடைசியில் நேரம் போய்விடும் என்று பயந்து, முத்திரை விழாத தாள்களையும் முத்திரைகளையும் மைப்பெட்டியையும் பையில் போட்டுக்கொண்டு ஓடினார். கவுன்டரை அடையும்போது மணி ஐந்துக்குப் பத்து.

"இங்கேயே போட்டுடறேன்" என்றார். வட்ட முத்திரையை மையில் தொட்டு எடுத்தார். மணிக்கட்டு இடது பக்கம் திரும்பத் தொடங்கியது.

"அண்ணே! அந்தப் பக்கம் அப்படி யார்தான் இருக்காங்க? ஒரு தடவை பார்த்துச் சொல்லேன்!" என்று சதுரம் பதறியது.

வட்ட முத்திரைக்குத் தூக்கிவாரிப் போட்டது. இருபத்தாறு வருடமாகக் குனிந்த அவசரத்தில் அது ஒரு நாளும் இடப்பக்கம் பார்த்ததே இல்லை. இப்போது பார்த்தது. இயக்குநர் இல்லை. பெரிய மேலாளர் இல்லை. கட்டமே இல்லை. வெறும் வெள்ளைத் தாள் ஓரம் வரை போய் முடிந்தது.

"அடப் பாவமே, யாரும் இல்லையே தம்பி" என்றது. சொன்ன வேகத்தில் விளிம்பைத் தாளில் ஊன்றிக்கொண்டு, சாய மாட்டேன் என்று அடம்பிடித்தது. விரல்களுக்குள் எதுவோ முரண்டுவதை உணர்ந்த முராகோஷி நின்றார். அவரும் தாளின் இடது ஓரத்தைக் கொஞ்ச நேரம் பார்த்தார். பிறகு மூச்சை விட்டுவிட்டு அழுத்தினார்.

முத்திரை நேராக விழுந்தது. சதுரமும் அதன்படியே விழுந்தது.

ஒகாத்தா அம்மாள் புன்னகையோடு தாள்களை வாங்கிக்கொண்டாள். பெற்றுக்கொண்டதற்கு அடையாளமாக, அலுவலகக் கட்டங்களில் கடைசியாக இருந்ததில் தன் குட்டி முத்திரையைக் குத்தினாள். அது தன் இடப்பக்கத்து மூன்று அதிகாரிகளுக்கு அழகாகச் சாய்ந்து வணக்கம் போட்டது.

வட்ட முத்திரைக்குச் சிரிப்பு வரும் என்று மைப்பெட்டி எதிர்பார்த்தது. அதற்கு வந்தது பொறாமை.

"கொடுத்து வைச்சவ. பக்கத்துல மூணு பேர் இருக்காங்க" என்று வழியெல்லாம் சொல்லிக்கொண்டு வந்தது.

"அதுல என்ன அண்ணே சுகம்?"

"உனக்குத் தெரியாது தம்பி. மேலே ஆறு பேர் வாசிப்பாங்களேன்னு நான் வாசிக்காமலே விழுவேன். கீழே ஒருத்தன் வாசிச்சிருப்பானேன்னு அவங்க ஆறு பேரும் வாசிக்காம விழுவாங்க. ஒரு தடவை மூவாயிரம் சூரை மீன் டப்பாவுக்கு அன்னாசிப் படம் போட்ட லேபிளுக்கு ஏழு பேரும் சம்மதம் குடுத்தோம். யாரையும் யாரும் ஒரு வார்த்தை கேக்கல. இனிமே உனக்கு அந்தக் கொடுப்பினை இல்லை. உனக்குன்னு ஒரே கட்டந்தான்."

சதுர முத்திரை அதற்குப் பிறகு வீறாப்பாகப் பேசவில்லை. அதற்கு உண்மையிலேயே பயமாக இருந்தது.

பட்டியலில் பேர் வந்தது. பலகை மாட்டியாயிற்று. மாதம் முடிய இரண்டு நாள் இருக்கும்போது சவரிராயன் மனுவை வாங்க வந்து, மேசைக்கு எதிரே உட்கார்ந்தார். முராகோஷி முந்தின நாளே அழகாக எழுதி முடித்து வைத்திருந்தார். கடைசிப் பக்கத்தின் அடியில் 'தயாரித்தவர்' என்று ஒரு வரி, பக்கத்தில் முத்திரைக்கு இடம். முராகோஷி சதுர முத்திரையை மையில் தொட்டுத் தூக்கினார்.

"அண்ணே, உள்ளே தப்பு எதாவது இருந்தா?" என்று சதுரம் கிசுகிசுத்தது.

"இருந்தா அது நம்ம தப்பு. வேற யார் இருக்கா?"

முராகோஷியின் கை அந்தரத்தில் நின்றது. அவர் முத்திரையைக் கீழே வைத்துவிட்டு, முதல் பக்கத்தைத் திருப்பி, விரல் வைத்து வாசிக்கத் தொடங்கினார். முத்திரை போடுவதற்கு முன் ஒரு காகிதத்தை அவர் முழுசாக வாசித்தது அன்றுதான். விண்ணப்பதாரர் பெயர் சரி. பிறந்த தேதி சரி. கடை அமையும் இடம் என்ற வரியில் விரல் நின்றது.

"என்ன சென்செய்?"

இருபத்தாறு வருடமாக முகவரி என்று கண்ட இடத்திலெல்லாம் ஒரே முகவரியை எழுதிப் பழகிய கை, இங்கேயும் அதையே எழுதியிருந்தது. அந்தத் தாளின்படி, சவரிராயனின் தோசைக்கல் மீன் டப்பா கம்பெனியில் இயக்குநரின் அறையில் இருந்தது.

முராகோஷி எழுந்து நின்றார். மேசையைச் சுற்றி வந்து சவரிராயனுக்கு நேர் எதிரே நின்று, "தப்பு என்னுடையது" என்று சொல்லி, இடுப்பு மடங்கக் குனிந்தார்.

"அட, என்ன சென்செய் இது! நிமிருங்க, நிமிருங்க. இன்னும் முத்திரையே போடலியே!" என்று சவரிராயன் பதறி எழுந்தார்.

முராகோஷி புதுத் தாள் எடுத்து எழுதினார். இரண்டு தடவை வாசித்தார். சவரிராயனையும் பக்கத்தில் வந்து உட்கார்ந்து ஒரு தடவை வாசிக்கச் சொன்னார். பிறகு சதுர முத்திரையை மறுபடியும் மையில் தொட்டார். அது தாளுக்கு மேலே நடுங்கிக்கொண்டு, "அண்ணே, தூத்துக்குடிக்காரர் இடப்பக்கமா வந்து உட்கார்ந்துட்டார். நான் கொஞ்சம் சாயட்டுமா?" என்று கேட்டது.

"குனிய வேண்டியவர் குனிஞ்சாச்சு தம்பி" என்றது வட்ட முத்திரை. "நீ நேரா நில்லு."