பதினாறாவது குழியில் சொன்னது

சீடனுக்கு வயது நாற்பத்திரண்டு. குருவுக்கு முப்பத்தைந்து. ஊர் சிரித்தது. சிரிக்கட்டும். யார் மூத்தவர் என்று பந்துக்குத் தெரியாது.

சீடன் பெயர் நாச்சிமுத்து. திருப்பூரில் ஒரு பனியன் கம்பெனியில் மெர்ச்சண்டைசர். சரக்கு வாங்க வெளிநாட்டிலிருந்து வருகிறவர்களைக் கூட்டிப் போய்க் கூட்டி வருவதும் அவன் தலையில்தான். அப்படி வந்த ஒரு டென்மார்க்காரர் மலைக்குப் போக வேண்டும் என்றார். போன இடத்தில் கோல்ஃப் மைதானம் இருந்தது. அவர் ஆடினார். இவன் பையைத் தூக்கிக்கொண்டு பின்னால் நடந்தான். பாதி ஆட்டத்தில் அவருக்கு என்ன தோன்றியதோ, மட்டையை இவன் கையில் கொடுத்து, அடி என்று சைகை காட்டினார்.

முதல் மூன்று வீச்சும் காற்றுக்குப் போயின. நாலாவது பட்டது.

பந்து எழுந்தது. எழுந்துகொண்டே இருந்தது. தைலமரங்களுக்கு மேலே போய், கொஞ்சம் யோசித்துவிட்டு இறங்கியது. கையில் எதுவும் தட்டுப்பட்டதாகவே தெரியவில்லை.

டென்மார்க்காரர் கைதட்டினார். நாச்சிமுத்து அதைக் கவனிக்கவில்லை.

"முதல் மூணும் ஏனுங்க போகலை?" என்று அவரிடம் கேட்டுக்கொண்டிருந்தான். அவருக்குத் தமிழ் தெரியாது.

அதைக் கேட்கத்தான் அடுத்த சனிக்கிழமை தனியாகப் பஸ் ஏறினான். மைதானத்தில் யார் சொல்லித் தருகிறார்கள் என்று விசாரித்தான். பயிற்சித் திடலின் ஓரத்தில், நாற்காலியில் காலை மடக்கி உட்கார்ந்து கடலை உரித்துக்கொண்டிருந்த பெண்ணைக் காட்டினார்கள். ஜெமிமா மாஸ்டர். ஒரு காலத்தில் நாடு நாடாகப் போய் ஆடியவர். முதுகு ஒத்துழைக்க மறுத்ததும் திரும்பி வந்து சொல்லித் தர உட்கார்ந்துவிட்டார்.

"என்ன வேணும்?"

"கத்துக்கணுங்க."

"எதுக்கு?"

"மூணு பந்து போகலை. நாலாவது போச்சு. ஏன்னு தெரியணுங்க."

மாஸ்டர் அவனை மேலும் கீழும் பார்த்தார்.

"எந்த ஊரு?"

"திருப்பூருங்க."

"சரி, திருப்பூர். மட்டையை எடுங்க."

அன்றிலிருந்து அவன் பெயர் அங்கே திருப்பூர்தான்.

ஐந்து வருஷம். சனிக்கிழமை தவறவில்லை. நன்றாகவே ஆடினான். பிந்தி வந்தவன் என்று சொன்னால்தான் தெரியும்.

ஒரு கெட்ட பழக்கம் மட்டும் இருந்தது. தன் கூடையில் பந்துகள் கிடக்கும். அவன் பக்கத்து ஆளைப் பார்த்துக்கொண்டு நிற்பான்.

"மாஸ்டர், அந்த மஞ்சச் சட்டைக்காரர் பந்து ஏனுங்க வாழைப்பழமாட்டம் வளையுது?"

"உங்க பந்தை அடிங்க."

"அந்தம்மா அடிக்கிறப்ப முழங்கால் ஏன் அப்படித் துள்ளுதுங்க?"

"அவங்க முழங்கால், அவங்க துள்ளுறாங்க. உங்களுக்கென்ன?"

ஒரு நாள் வேறு கேள்வி கேட்டான். மட்டையைத் துடைத்துக்கொண்டே, தலை நிமிராமல் கேட்டான்.

"மாஸ்டர், எனக்கு வேற எதுலயும் மனசு ஓடலைங்க. பனியனைப் பார்த்தா பனியனாத் தெரியலை. இதையே பொழப்பா வச்சுக்கலாமுங்களா?"

"எதை?"

"கோல்ஃபைத்தானுங்க."

"கோல்ஃப்ல எதை?"

அவனுக்குப் புரியவில்லை. "ஆடறதைத்தானுங்க. வேறென்ன இருக்குது அதுல?"

"அப்ப ஆடிப் பார்த்துட்டு வாங்க."

அவ்வளவுதான் பதில். வழிச்செலவுக்குக்கூட ஆகாத பதில். அதை எடுத்துக்கொண்டு வீட்டுக்குப் போனான்.

மனைவி கோகிலா ஒரே வரியில் முடித்தாள். "ஒரு வருஷம் தாறேன். ஜெயிச்சா ஆட்டம். தோத்தா பனியன்."

முதலாளியிடம் சொல்லி ஒரு வருஷம் லீவு போட்டான்.

தொழில்முறை ஆட்டக்காரராக வேண்டுமானால் ஒரு தேர்வு உண்டு. நாலு நாள் ஆட வேண்டும். நாளுக்குப் பதினெட்டுக் குழி, ஒவ்வொன்றிலும் பந்தைப் போட வேண்டும். எல்லா அடியையும் கூட்டுவார்கள். குறைவாக அடித்தவர்கள் உள்ளே. மற்றவர்கள் வீட்டுக்கு. வருஷக் கடைசியில் அது பெங்களூரில் நடந்தது. நாச்சிமுத்து போனான். மூன்று நாள் பல்லைக் கடித்துக்கொண்டு ஆடினான்.

நாலாவது நாள் மூன்று பேராகச் சேர்த்து அனுப்பினார்கள். ஒருவர் ஹைதராபாத்காரர், பேசவே மாட்டார். இன்னொருவன் பெலிக்ஸ், தூத்துக்குடிக்காரன், இருபத்தைந்து வயதிருக்கும். அவன் பேச்சை நிறுத்தவே மாட்டான். முதல் குழியிலிருந்தே பெலிக்சின் பந்து வலது பக்கம் ஓடியது. அவன் கொஞ்சம் இடது பக்கம் திரும்பி நின்று அடித்தான். இன்னும் வலதுக்கு ஓடியது. இன்னும் இடது பக்கம் திரும்பினான்.

"பந்துக்கு என் மேல என்ன கோவமோ அண்ணாச்சி. ஒரே மரத்தப் பாத்தே போவுது. அந்த மரத்துல அதுக்குச் சொந்தக்காரன் எவனும் இருக்கானா?"

நாச்சிமுத்துவுக்குக் காரணம் இரண்டாவது குழியிலேயே தெரிந்துவிட்டது. திரும்பி நிற்பதுதான் வினை. திரும்பத் திரும்ப மட்டை குறுக்கே வெட்டும். வெட்ட வெட்டப் பந்து ஓடும்.

தெரிந்து என்ன செய்ய? விதி இருக்கிறது. போட்டி நடக்கும்போது கூட ஆடுகிறவனுக்கு யோசனை சொல்லக் கூடாது. சொன்னால், சொன்னவன் கணக்கில் இரண்டு அடி ஏறும். அவன் வாயில் கொழுக்கட்டையை அடக்கிக்கொண்டு நடந்தான்.

பதினாறாவது குழிக்கு வந்தபோது பலகையைப் பார்த்தான். இப்படியே போனால் தேறிவிடலாம். கையில் ஒரே ஒரு அடி மிச்சம். பனியன் கம்பெனி மூன்று குழி தூரத்தில் நின்றது.

ஹைதராபாத்காரர் அடித்தார். புதருக்குள் போனது. தேடப் போய்விட்டார். பெலிக்ஸ் அடித்தான். வழக்கமான மரம். அவன் இன்னொரு பந்தை எடுத்து வைத்தான். இப்போது பேச்சு இல்லை. கண் கலங்கியிருந்தது. பக்கத்து மைதானத்துக்கே அடிக்கப் போகிறவன் போல இடது பக்கம் திரும்பி நின்றான்.

"தம்பி" என்றது ஒரு குரல்.

தன் குரல்தான் என்று நாச்சிமுத்துவுக்குக் கொஞ்சம் பிந்தித்தான் தெரிந்தது. அதற்குள் அது பேசி முடித்திருந்தது. "நீ திரும்பித் திரும்பி நிக்கறதாலதான் அது அங்க ஓடுது. எங்க போகோணுமோ அங்கயே பார்த்து நில்லு."

பெலிக்ஸ் அவனைப் பார்த்தான். காலை நகர்த்தினான். அடித்தான்.

பந்து நேராகப் போனது. நேராகப் போய்க்கொண்டே இருந்தது.

"அண்ணாச்சி, பாத்தியளா!"

"பார்த்தேன் தம்பி! பார்த்தேன், பார்த்தேன்!"

இருவரும் தேர் நிலைக்கு வந்தது போலக் குதித்தார்கள். முதலில் குதிப்பதை நிறுத்தியவன் பெலிக்ஸ்.

"அண்ணாச்சி… நீங்க இப்பம் சொன்னது யோசனைல்லா?"

"ஆமா."

"அந்தாளு புதருக்குள்ள நிக்காரு. அவருக்குக் கேட்டிருக்காது. எனக்கும் கேக்கல. சரியா?"

"எனக்குக் கேட்டுதே, தம்பி."

மிச்ச இரண்டு குழியையும் ஆடி முடித்துவிட்டு, நேராக அதிகாரியிடம் போய்ச் சொன்னான். அவர் அவன் முகத்தைக் கொஞ்ச நேரம் பார்த்துவிட்டு இரண்டு அடி கூட்டினார். நாச்சிமுத்து ஒரு அடியில் தோற்றான். பெலிக்சும் தேறவில்லை. அவன் மத்தியானமே தோற்றிருந்தான். அந்த யோசனையால் யாருக்கும் காலணாப் பிரயோசனம் இல்லை.

மறுநாளே முதலாளி கூப்பிட்டார். "திங்கக்கிழமை வந்துருங்க நாச்சிமுத்து. இல்லீன்னா நான் வேற ஆளைப் போட்டுக்கோணும்." கோகிலா வெள்ளைச் சட்டையைத் தேய்த்து மாட்டிவைத்தாள். அவள் திட்டியிருந்தால் தேவலை.

ஞாயிற்றுக்கிழமை காலையில் சொல்லிக்கொள்ள மலையேறினான்.

"தோத்துட்டேனுங்க மாஸ்டர்."

"தெரியுது."

"யார் சொன்னாங்க?"

"நீங்க நடந்து வர்ற லட்சணம் சொல்லுது. உட்காருங்க. என்ன ஆச்சு?"

சொன்னான். அதிகாரியிடம் போன இடம் வந்ததும் நிறுத்தினான். மாஸ்டர் காத்திருந்தார். அவனும் காத்திருந்தான்.

"ஏன் நிறுத்திட்டீங்க?"

"யாருக்குமே தெரியாதுங்க. நானாத்தான் போய்ச் சொன்னேன்."

"சொல்லணும்ல?"

"சொல்லோணுமுங்க."

"அப்புறம் என்ன? மாலை போடணுமா? மேல சொல்லுங்க."

மேலே சொல்ல ஒன்றும் இல்லை. மாஸ்டரே கேட்டார்.

"நாலு நாள் ஆடினீங்களே, நீங்க அடிச்சதுல நல்ல அடி எது?"

நாச்சிமுத்து யோசித்தான். நல்ல அடிகள் இருந்தன. இல்லாமலா அவ்வளவு தூரம் போனான்? ஒன்றும் பிடிபடவில்லை.

"ரெண்டாம் நாளு ஒண்ணு… இல்லீங்க, அது முதல் நாளு. மணல் பள்ளத்துல இருந்து ஒண்ணு நல்லா வந்துதுங்க. எந்தக் குழின்னு…"

"சரி விடுங்க. அந்தத் தூத்துக்குடிக்காரன் பந்து?"

அவன் எழுந்தே விட்டான்.

"அதைக் கேளுங்க மாஸ்டர்! புறப்படறப்ப தாழத்தான் போச்சு. முழங்கால் உசரம். சரி, இதுவும் போச்சுன்னு நினைக்கறேன், அங்கிருந்து எழும்புது பாருங்க! இப்படி… இப்படி… நடுவுல ஒரு காக்கா வந்துது, அது ஒதுங்கி வழி விட்டுதுங்க! போய் நட்ட நடுப் புல்லுல உட்கார்ந்துச்சு. அந்தப் பையன் மூஞ்சியை நீங்க பார்த்திருக்கோணும். பொறந்ததுல இருந்து அவன்கிட்ட யாரும் பொய் சொல்லாத மாதிரி ஒரு மூஞ்சிங்க."

நாச்சிமுத்து தூக்கிய கையை இறக்கினான். வெட்கமாக இருந்தது. உட்கார்ந்தான்.

"எனக்கு ஒண்ணுதான் தெரிஞ்சுக்கணும் மாஸ்டர். அதுக்குத்தான் வந்தேன். ரெண்டாவது குழியில இருந்து அடக்கிட்டு வந்தேனுங்க. இன்னும் கொஞ்சம் அடக்கியிருந்தா என் பொழப்பே மாறியிருக்கும். அது தெரிஞ்சும் இந்த வாய் ஏன் சும்மா இருக்கலை? இது என்ன…"

டப் என்று சத்தம் கேட்டது. பக்கத்தில் ஒரு பெண்மணி அடித்த பந்து தரையோடு உருண்டு பத்தடி தள்ளி நின்றது. மாஸ்டரிடம் புதிதாகச் சேர்ந்த பல் டாக்டர் சுலோச்சனா.

"இது என்ன?" என்றார் மாஸ்டர்.

"என்னதுங்க?"

"ஏதோ சொல்லிட்டிருந்தீங்க."

"ஆமாங்க. இது என்ன வியாதின்னு கேட்டேன். ஒரு மனுசன் தன் சோத்துல தானே…"

டப். இன்னொன்று உருண்டது. நாச்சிமுத்துவின் தலை திரும்பியது. மறுபடி மாஸ்டர் பக்கம் வந்தது. மறுபடி திரும்பியது.

"தன் சோத்துல தானே?"

"மண்ணு போடறதுங்க… மாஸ்டர், அவங்க பந்தைத் தூக்கிவிடப் பார்க்கறாங்க."

"அப்படியா?"

"அதானுங்க உருளுது. கீழ அடிச்சா அது தானா மேல போகும். தூக்கப் போனா எப்படி எந்திரிக்கும்? தோளைப் பாருங்க, முன்னாடியே எந்திரிக்குது."

"நாம உங்க பொழப்பைப் பத்திப் பேசிட்டிருக்கோம், திருப்பூர்."

"ஆமாங்க. மன்னிச்சுக்கோங்க."

டாக்டர் மட்டையை ஊன்றிக்கொண்டு இந்தப் பக்கம் திரும்பினார். "மாஸ்டர்! வந்து எவ்வளவு நேரமாச்சு? எட்டிக்கூடப் பார்க்கலை. உங்க ஒருத்தரால முடியலைன்னுதானே இன்னொரு ஆளை வச்சுக்கறேன்னு சொன்னீங்க? எங்க அந்த ஆளு?"

"பார்த்துட்டிருக்கேன் டாக்டர். சரியான ஆள் அமையலை."

டாக்டர் முணுமுணுத்துக்கொண்டே அடுத்த பந்தை வைத்தார். இன்னும் நன்றாகக் குனிந்தார். தூக்கிவிடத் தோதாக.

நாச்சிமுத்துவின் கைகள் முழங்காலைப் பிடித்துக்கொண்டன. உதடு அசைந்தது. பல்லைக் கடித்து நிறுத்தினான்.

மாஸ்டர் அதைப் பார்த்தார்.

"போங்க, திருப்பூர். போய்ச் சொல்லுங்க. இங்க அபராதம் கிடையாது."