பகைவர் தொடாத சோறு

வேம்புராஜ் வீட்டை உதறிவிட்டு, வெறுப்பை ஓதும் ஒரு கூட்டத்தோடு போய்விட்டான். அவனைக் கண்ணால் பார்த்தாலே போதும் என்று, அவன் அக்கா இசக்கியம்மா அந்த முகாமிலேயே சமையலுக்குச் சேர்ந்தாள்.

ஒருநாள் தலைவர் முழங்கினார்: "நம்ம கூட்டத்தைத் தவிர எல்லாரும் பகைவர்! பகைவர் கைபடாத சோறுதான் இனி பந்திக்கு வரணும்!"

"ஆகட்டும் அய்யா" என்றாள் இசக்கியம்மா.

மதியம் பந்தியில் இலைகூட இல்லை.

"சோறு எங்கே?" என்று சீறினார் தலைவர்.

"அரிசி, உப்பு, விறகு, இலை எல்லாமே அந்தப் பகைவர் கைபட்டதுதான் அய்யா. தேடிப் பார்த்துட்டேன், வேற ஒண்ணும் அகப்படலை."

தலைவருக்குப் பசி பொறுக்கவில்லை. "சரி, இன்னைக்கு மட்டும் போடு" என்று முணுமுணுத்தார்.

பந்தியில் ஒருவன் பக்கென்று சிரித்தான். வேம்புராஜ்தான். சிரித்த முகம் மெல்ல வாடியது. எழுந்து அக்காவிடம் வந்தான்.

"அம்மா இன்னும் எனக்கும் சேர்த்து உலை வைக்கிறாளா அக்கா?"

"தினமும்டா."

"அப்ப வா, போவோம்."