பாலத்துச் சத்தம் கேட்டுக் கிளம்புற ஊர்

ஒரு ஊர்ல ஒரு குட்டி ரயில் ஸ்டேஷன். ஊர் பேரு ஓலைக்குறிச்சி. ஒரு வேப்பமரம், ஒரு சிமெண்டு பெஞ்சு, டிக்கெட் குடுக்க ஒரு ஜன்னல், அவ்வளவுதான். ஜன்னலுக்குள்ள செண்பகவடிவு. டிக்கெட் குடுக்குறதும் அவதான், கூட்டிப் பெருக்குறதும் அவதான். ம் சொல்லு கண்ணு.

முன்னெல்லாம் அங்க சின்ன வண்டி. குச்சு... குச்சு...ன்னு மூச்சு வாங்கிக்கிட்டு வரும். ஆத்துப் பாலத்துல தடதடன்னு கேட்டுச்சுன்னா, மேடேறி ஸ்டேஷன் வந்து சேர பத்து நிமிஷம் ஆகும். அதனால பாலத்துச் சத்தம் கேட்டாத்தான் ஊரே செருப்பு மாட்டும். தாத்தா காலத்துப் பழக்கம். ஒருத்தரும் கடிகாரம் பாக்குறதில்ல.

அப்புறம் தண்டவாளத்தைப் பேத்து அகலமாப் போட்டு, பெரிய வண்டி விட்டாங்க. காலையில ஏழு மணிக்கு டவுனுக்கு ஒண்ணு, சாயங்காலம் ஆறு மணிக்குத் திரும்ப ஒண்ணு. பாலத்துல தடதட, உடனே ஸ்டேஷன்ல கிறீச். ஒரு நிமிஷம் நின்னு விர்ருனு போயிரும். ஊர்சனம் மூச்சிரைக்க ஓடி வந்து, வண்டிதான் அவசரப்படுதுன்னு திட்டும். ஒரு வாரமா ஒரு ஆள்கூட ஏறல.

அப்போ ஒரு ரயில்வே ஆபீசர் வந்தாரு. இன்னும் மூணு நாள் பாப்பேன், மூணு நாளும் யாரும் ஏறலைன்னா இங்க வண்டி நிக்காதுன்னுட்டாரு.  பஸ் வராத ஊரு. ஆஸ்பத்திரிக்கும் காலேஜுக்கும் அந்த வண்டிதானே?

அன்னைக்கே வடிவு வீடு வீடாப் போயி, ஏழு மணிக்கு முன்னாடியே வாங்கன்னு கெஞ்சுனா. எல்லாரும் மண்டையை மண்டையை ஆட்டுனாங்க. விடிஞ்சா, பாலம் தடதட, அப்புறம்தான் செருப்பு. வண்டி போச்சு.

ரெண்டாம் நாள் ஆறரைக்கே தெருவுல போயி டாண் டாண்னு மணி அடிச்சா. திண்ணையில காபி குடிச்சிக்கிட்டிருந்த ஆதிமூலம் பெரியவர் நிதானமாச் சொன்னாரு: "மணி அடிக்கட்டும் தாயி. பாலம் இன்னும் சொல்லலையே."

அன்னைக்கும் வண்டி போச்சு. ம்... தூங்கிட்டியா? இல்லையா. சரி, கேளு.

மூணாம் நாள் வடிவு யாரையும் கூப்பிடல. வெறும் பிளாட்பாரத்தைப் பாத்தா, தலையில அடிச்சுக்கிட்டா. பாலத்துல தடதட. தனக்குத்தானே ஒரு டிக்கெட் கிழிச்சா, ஜன்னலைப் பூட்டுனா, வண்டி வந்ததும் ஏறிட்டா. அப்பத்தான் சனம் தபதபன்னு ஓடி வருது.

"வடிவக்கா, நீ எங்க போற?"

"நீங்க போக வேண்டிய ஊருக்கு!"

வண்டி போயே போயிருச்சு. ஒரு ஆள் ஏறுனதால நிறுத்தமும் பிழைச்சிருச்சு.

சாயங்கால வண்டியில வடிவு திரும்பி வந்து இறங்குனா, பிளாட்பாரத்துல கால் வைக்க இடமில்ல. ஊரே பாய், தூக்குச்சட்டி, மூட்டையோட உக்காந்திருக்கு. முன்னால ஆதிமூலம் பெரியவர்.

"எந்த வண்டிக்குப் பெரியப்பா?"

"நாளைக் காலை வண்டிக்குத்தான். இனிமே பாலத்தை நம்ப மாட்டோம் தாயி."

 வடிவு நீளமா ஒரு பெருமூச்சு விட்டுட்டு, ஜன்னலைத் திறந்து டிக்கெட்டை எடுத்து வச்சா.

வண்டி வர விடியணும், கதை இத்தோட நின்னுச்சு, கண்ணை மூடு.