உலகம்மையின் முதுகு

"அம்மா, இந்த முழங்கால் இனி ஓடாது" என்றார் திருமேனிநாதன்.

விடிந்தும் விடியாத நேரம். குரு உலகம்மை சேலையை இழுத்துச் செருகிக்கொண்டிருந்தார்.

"நேத்து குதிகால்னீங்களே புலவரே?"

"குதிகாலும்தான். அது குத்தல், இது குடைச்சல். இடுப்பில் இருப்பது வேறு இனம், இழுப்பு."

இருபத்தாறு வருடம் இலக்கணம் நடத்தியவர். வலியைக்கூட வகை பிரிக்காமல் அனுபவிக்க மாட்டார்.

மனம் அடங்க வழி கேட்டு அவர் இந்த மலையடி ஆசிரமத்துக்கு வந்தபோது அவருக்கு ஐம்பத்தொன்று. குருவுக்கு முப்பத்திரண்டு. குறிப்பெடுக்க நோட்டுப் புத்தகம் வேறு கொண்டுவந்திருந்தார்.

"பின்னால ஓடி வாங்க" என்று மட்டும் சொல்லிவிட்டு, உலகம்மை மலையைச் சுற்றி ஓடத் தொடங்கிவிட்டார்.

ஏழு மைல். மலை என்பது ஊரார் பேச்சு. நியாயமாகப் பார்த்தால் அது பெரிய குன்று.

அன்று தொடங்கி ஒன்பது வருடம். தினமும் அவருக்குக் கிடைத்த தரிசனம் அந்த முதுகுதான். வளையாத, அசையாத முதுகு. முனகிக்கொண்டே அதன் பின்னால் ஓடினார்.

"வைத்தியர் ஓட்டத்தை நிறுத்தச் சொல்கிறார்."

"நீங்க என்ன சொல்றீங்க?"

"நாளை ஊருக்குக் கிளம்புகிறேன்."

"சரி. இன்னிக்கு?"

திருமேனிநாதனுக்குச் சுருக்கென்று கோபம் வந்தது.

"உங்களுக்கு எங்காவது வலித்தால் அல்லவா அடுத்தவர் வலி தெரியும்!"

உலகம்மை திரும்பி ஓடத் தொடங்கினார்.

நான்காவது மைலில், பாறைத் திருப்பத்துக்குச் சற்று முன்னால், முழங்கால் மடங்கிவிட்டது. திருமேனிநாதன் ஓரத்துக் கல்லில் உட்கார்ந்தார். கூப்பிடவில்லை. முதுகு திருப்பத்தில் மறைந்தது.

போகட்டும் என்று நினைத்தார். மூட்டை கட்ட வேண்டியதுதான்.

கொஞ்ச நேரத்தில் பாறைக்கு அந்தப் பக்கம் ஒரு பெண் முனகும் சத்தம்.

"ஆத்தாடி... ஐயோ... அம்மா..."

விறகுக்கு வந்தவள் யாரோ விழுந்துவிட்டாள் போலிருக்கிறது. உதவப் போகலாம் என்று கல்லைப் பிடித்து எழுந்தார்.

பாறையில் கையை ஊன்றி, இடது காலை இழுத்து இழுத்து வந்தது அந்த உருவம். எப்போதும் சேலைக் கரை மறைத்திருக்கும் கணுக்காலில் துணிக்கட்டு. கட்டுக்கு மேல் வீக்கம். கடித்த உதடு, கண்ணில் நீர்.

உலகம்மை.

ஓடும்போது அந்த முகம் எப்படி இருக்கும் என்று ஒன்பது வருடத்தில் ஒருநாளும் அவர் பார்த்ததில்லை.

அவரைக் கண்டதும் முனகல் சட்டென்று நின்றது. முதுகு நேரானது.

திருமேனிநாதனுக்கு இலக்கணமெல்லாம் எங்கோ போய்விட்டது.

"எப்பலேர்ந்து?"

"நீங்க வர்றதுக்கு முந்தியே."

"ஒம்பது வருஷமாவா?"

"மழைக்காலத்துல கொஞ்சம் ஜாஸ்தி."

"அப்புறம் ஏம்மா நிக்கல?"

"இன்னிக்கு நின்னுடலாம்னு தினமும் நினைப்பேன். பின்னால உங்க காலடி கேக்கும்."

அவர் மறுபடி கல்லில் தொப்பென்று உட்கார்ந்தார்.

"நான் உங்க முதுகைப் பாத்துல்ல ஓடினேன்!"

"அதுக்குத்தானே அதை நேரா வச்சிருந்தேன்."

குன்றின் மேலே மயில் ஒன்று கத்தியது.

"இன்னிக்குக் காலடி நின்னுபோச்சு. எங்க விழுந்து கிடக்கிறீங்களோன்னு திரும்பி வந்தேன்" என்றார் உலகம்மை. பிறகு பாதையைக் காட்டினார். "இன்னும் மூணு மைல். நீங்க முன்னால போங்க."

"நானா? எதுக்கு?"

"பின்னால வந்தா வாய்விட்டு முனகலாமே. ஒம்பது வருஷமா நீங்க முனகுறதைக் கேட்டுக் கேட்டு எனக்கு ஒரே பொறாமை."

திருமேனிநாதன் எழுந்தார். முன்னால் போனார்.

பத்தடி போவதற்குள் முழங்கால் பிடித்து இழுத்தது. வாயைத் திறந்தார்.

பின்னால் காலடிச் சத்தம் கேட்டது. ஒரு கால் அழுத்தமாக, ஒரு கால் இழுத்து.

உதடு வரை வந்த ஐயோவை விழுங்கிவிட்டு, முதுகை நேராக்கிக்கொண்டார்.