வெறுந்தகரந்தானே!

ஏசி காத்து போற தகர டக்ட்டை மேல தூக்குற லிஃப்ட் மெஷினைப் புதுசா வாங்கி, ஆயுத பூஜைப் பொட்டோட குடோன்ல பூட்டி வச்சுட்டாரு கான்ட்ராக்டர் குலசேகரன்.

"தோள்பட்டை கழண்டுரும் போலருக்கு, லிஃப்ட் குடுங்க சார்"னு கெஞ்சினான் வேலையாள் சுடலை.

"வெறுந்தகரம்டா! தூக்க முடியாதவன் வீட்டுக்குப் போ!"

"சரி சார். நீங்க தூக்குற மாதிரி போட்டோ எடுத்து கட்டட ஓனருக்கு அனுப்புவோமா?"

போட்டோன்னா மனுசனுக்கு உசுரு. சாரத்துல ஏறி, ஆளுங்களோட சேந்து டக்ட்டைத் தலைக்கு மேல ஏந்துனாரு. பக்கத்துல நின்ன சுடலை போட்டோவும் எடுத்துட்டான்.

"கைய எடுத்துறாதீங்க சார், இன்னும் போல்ட் மாட்டல. விட்டா நம்ம தலைமேலதான்!"

ஐயையோ! தோள்பட்டை கழண்டுரும் போலாச்சு, மூஞ்சி வெளுத்துப்போச்சு.

"டேய், லிஃப்ட்டக் கொண்டாங்கடா!"

"சாவி சார்?"

"என் இடுப்புல!"

"ஐயோ, முதலாளி இடுப்புல நான் கை வைக்கலாமா சார்?"

"வைடா! வேட்டியே அவுந்தாலும் பரவால்ல, எடுடா!"