வாசலில் விட்டவை

ராஜாவை அரியணையிலிருந்து இறக்கப் போன மக்கள், அரண்மனை வாசலில் செருப்பைக் கழற்றிவிட்டுத்தான் உள்ளே போனார்கள்.

அதைப் பார்த்ததும் செங்கோடனுக்குப் பயம் வந்துவிட்டது. கூட்டத்திலிருந்து நழுவி, கடலோரமாக ஓடி, கலங்கரை விளக்கின் அடியில் இருந்த குடிசைக்கு வந்தான். செருப்பை உதறிவிட்டு உள்ளே போய் விழுந்தான்.

அவன் சின்ன வயதுக்காரன் அல்ல. மீசை நரைத்தவன். அரண்மனை ஆணைகளை முரசறைந்து சொல்லிவந்தவன். குடிசையில் இருந்தவள் அவனுடைய குரு. ஊர் அவளைக் கலங்கரை அம்மை என்றது.

கப்பல்காரர்கள் கொண்டுவந்த அச்சுத் தாள்களை அவள்தான் தமிழில் சொன்னாள். கடலுக்கு அப்பால் ஒரு நாட்டில் மன்னனைக் கூண்டில் நிறுத்திக் கேள்வி கேட்டார்களாம். மன்னன் வானத்திலிருந்து இறங்கியவன் அல்ல, நாம் உட்கார வைத்தவன் என்று ஒரு தாளில் இருந்தது. அன்று காலை செங்கோடன் அதைச் சந்தையில் முரசறைந்து சொல்லிவிட்டான். விதை நெல்லையும் அரண்மனைக்கு வரியாக அளந்து கொடுத்திருந்த ஊர், எழுந்து நடந்தது.

"அம்மா, நான் செத்தேன்."

"செத்தவனுக்கு இப்படி மூச்சு வாங்காது. சொல்."

"காவலர்கள் ஓடிவிட்டார்கள். கதவு திறந்து கிடக்கிறது. ராஜா தனியாக உட்கார்ந்திருக்கிறார். எதிரே அத்தனை பேரும் கைகட்டி நிற்கிறார்கள். ஒருத்தி தேங்காய் பழத்தோடு வந்திருக்கிறாள், அம்மா. வெறுங்கையோடு எப்படிப் போவது என்கிறாள்."

அம்மை சிரிக்கவில்லை.

"பொழுது சாய்வதற்குள் வடக்குக் கோட்டையிலிருந்து படை வந்துவிடும். அப்போதும் அவர் அரியணையில் இருந்தால் என்னை யானைக் காலில் போடுவார்கள். அந்த யானையை எனக்குத் தெரியும். யாரைப் போடப் போகிறார்கள் என்று முரசறைந்து சொன்னவனே நான்தான்."

அவன் வாசலைத் திரும்பிப் பார்த்தான்.

"அவரிடம் வாள் இல்லை, ஆள் இல்லை. பிறகு அவருடைய பலம் எங்கேதான் இருக்கிறது?"

அம்மை மூலையில் கிடந்த மீன்கூடையை எடுத்து அவன் கையில் கொடுத்தாள்.

"வா."

அரண்மனை வாசலில் செருப்புகள் பரவிக் கிடந்தன. அவ்வளவு கோபத்திலும் ஜோடி பிரியாமல் வைத்திருந்தார்கள். கடப்பாரையோடு ஒருவன் பக்கத்தில் நின்றான்.

"பார்த்தும்மா, அந்த ஓரத்துல இருக்கிறது புதுசு. மிதிச்சிடாதீங்க."

"நீ உள்ளே போகவில்லையா?"

"நானும் போயிட்டா இதையெல்லாம் யாரு பார்த்துக்கிறது?"

அம்மை குனிந்து செருப்புகளைக் கூடையில் அள்ளினாள். செங்கோடனும் அள்ளினான். முற்றத்தில் யானை கால் மாற்றி நின்றது. சங்கிலி இழுபடும் ஓசையில் அவன் கையிலிருந்து ஒரு செருப்பு நழுவி விழுந்தது.

உள்ளே பளிங்குத் தரை. அத்தனை பேர் இருந்தும் மூச்சுச் சத்தம்கூட இல்லை.

"யாரது?" என்றார் ராஜா.

எல்லாத் தலைகளும் தாழ்ந்தன. அம்மையின் தலையும் தாழ்ந்தது, ஆனால் அவள் கூடையைப் பார்த்துக்கொண்டிருந்தாள். ஒரு ஜோடியை வெளியே எடுத்தாள்.

"இது யாருடையது?"

தேங்காய்த் தட்டோடு நின்ற உப்புக்காரி திரும்பினாள். "என்னோடதுதான். ஐயோ, இதை ஏன் இங்கே கொண்டாந்தீங்க?"

"தரை குளிர்கிறது. போட்டுக்கொள்."

"இங்கேயா?"

"குளிரவில்லையா?"

"குளிருது." அவள் ராஜாவைப் பார்த்தாள். ஒரு காலை நுழைத்தாள். பிறகு மறுகாலை. ஓர் அடி எடுத்து வைத்தாள்.

டப்.

அந்த மண்டபம் அதுவரை கேட்டிராத சத்தம். ராஜா அரியணையின் கைகளை இறுகப் பற்றினார்.

"எனக்கும் கொடு தாயி," என்றது ஒரு குரல். "என்னோடது வார் அறுந்தது, அதைத் தேடு," என்றது இன்னொன்று. கொஞ்ச நேரத்தில் ஓலைக் கூரை மேல் மழை இறங்குவதுபோல் மண்டபம் முழுக்கச் சத்தம். யாரும் ராஜாவைத் தொடவில்லை. அவர் எழுந்தார். தம் பாதுகைகளுக்காகச் சுற்றிலும் பார்த்தார். எடுத்து வைக்க ஆள் இல்லை. வெறுங்காலோடு பின்வாசல் வழியாகப் படகுத்துறைக்குப் போனார்.

கோட்டையிலிருந்து வந்த படை, ஆணையிட யாரும் இல்லாமல் வாசலிலேயே நின்று கலைந்தது.

விதை நெல் வீடுகளுக்குத் திரும்பியது. அடுத்த மழைக்கு நாற்று நட்டார்கள். அந்த நாற்று வேர் பிடிக்கும் முன்பே, ஒரு காலையில் செங்கோடன் மறுபடி குடிசைக்கு ஓடிவந்து, செருப்பை உதறிவிட்டு உள்ளே நுழைந்தான். அன்றைக்கு இருந்த அதே முகம்.

"அம்மா, மண்டபத்தில் சபை கூடியிருக்கிறது."

"நல்லது."

"நாம் தேர்ந்தெடுத்தவர்கள்தான். அன்று செருப்புக்குக் காவல் நின்றவனும் ஒருவன்."

"அதற்கு ஏன் ஓடிவந்தாய்?"

"மனு கொடுக்கப் போனவர்கள் வாசலில் செருப்பை விட்டுவிட்டுப் போகிறார்கள்."

அம்மை நிமிர்ந்தாள். "கழற்றச் சொன்னது யார்?"

"யாரும் சொல்லவில்லை. அதுதான் பயமாக இருக்கிறது. யானையும் அதே இடத்தில் நிற்கிறது. அதை அவிழ்த்துவிட யாருக்கும் தோன்றவில்லை. வேளாவேளைக்குத் தீனி மட்டும் போடுகிறார்கள்."

வெளியே கடல் இரைந்தது.

"நீங்கள் வர வேண்டும், அம்மா. கூடையை எடுங்கள். நீங்கள் சொன்னால்தான் போட்டுக்கொள்வார்கள்."

"நான் சொன்னால்தானா?"

"நீங்கள் சொன்னால் இந்த ஊரில் யார் மறுப்பார்கள்?"

அம்மை ஓர் அடி பின்வாங்கினாள். அவள் பயந்து அவன் பார்த்ததே இல்லை. அவளுடைய பார்வை அவன் முகத்திலிருந்து மெல்லக் கீழே இறங்கி, அவன் பாதங்களில் நின்றது. ஓடிவந்த மணல் விரலிடுக்குகளில் ஒட்டியிருந்தது.

"உன் செருப்பு எங்கே, செங்கோடா?"

"வாசலில்."

"யார் வாசலில்?"