அப்பளம் துடைத்த துணி

"சாமி, பேசத் தெரியாதவ பேசி ஜெயிக்க முடியுமா?"

கேட்டவள் முத்துராக்கு. அப்பளக்காரத் தெருச் சங்கத்தின் தலைவி. மடத்துச் சாமி அவளைவிடப் பதினைந்து வயது சின்னவர். இருந்தாலும் அவர் முன்னால் அவள் உட்கார்ந்து பேசியதில்லை.

சாமி அவள் கொண்டுவந்த அப்பளத்தைச் சுட்டுத் தின்றுகொண்டிருந்தார். வாய் நிறைய அப்பளம் இருந்தால் யாராக இருந்தாலும் மௌனச் சாமிதான்.

அவளே மேலே சொன்னாள்.

"எங்க தெருவுக்குப் பின்னாடி தார் பிளான்ட் வரப் போகுதாம். நாங்க அப்பளம் காயப் போடுற பொட்டலுக்கும் அதுக்கும் நடுவுல ஒரு ரோடுதான். அதை ஒட்டிப் பள்ளிக்கூடம். வியாழக்கிழமை கலெக்டர் வந்து கருத்துக் கேக்குறாரு. கம்பெனிக்காரரு இங்கிலீஷ்ல படம் போட்டுக் காட்டுவாராம். நான் என்னத்தக் காட்டுறது?"

"அவங்களுக்கு வேற எங்கயாவது பிளான்ட் இருக்கா?"

"இருக்கு. பஸ்ல ஒரு மணி நேரம்."

"அங்க போய் அப்பளம் காயப் போடுங்கம்மா."

சாமி அடுத்த அப்பளத்தை எடுத்தார்.

*

புதன்கிழமை காலை முத்துராக்குவும் இன்னும் மூன்று பெண்களும் தேய்த்த அப்பளத்தோடு பஸ் ஏறினார்கள். பிளான்ட் வாசலுக்கு எதிரே ஒரு டீக்கடை. கடைக்காரர் மொட்டை மாடியைக் கொடுத்தார். கொடுக்கும்போதே இருமினார்.

வேட்டியை விரித்து அப்பளத்தைப் பரப்பினார்கள். புகைபோக்கி புகைந்தது. லாரிகள் போய் வந்தன. மத்தியானம் எடுத்து அடுக்கிக்கொண்டு ஊர் திரும்பினார்கள்.

*

வியாழக்கிழமை காலை எட்டு மணிக்கு முத்துராக்கு மடத்துக்கு ஓடி வந்தாள். கண்ணெல்லாம் சிவந்திருந்தது.

"சாமி, மோசம் போயிட்டோம்."

டப்பாவைத் திறந்து நீட்டினாள். சாமி ஒரு அப்பளத்தை எடுத்து வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார். ஒரு பொட்டுத் தூசி இல்லை.

"சுத்தமா இருக்கே."

"அதான் சாமி வினையே! தொடைச்சுட்டோம்."

அப்பளக்காரத் தெருவில் இது ஒரு வழக்கம். காய்ந்த அப்பளத்தை இரண்டு பக்கமும் துணியால் துடைக்காமல் அடுக்க மாட்டார்கள். மாவு பிசையக் கற்றுக்கொள்வதற்கு முன்னால் அந்தத் தெருப் பெண்கள் கற்றுக்கொள்வது அதைத்தான். அவர்கள் அப்பளத்தில் மண் கடித்தது என்று இன்றுவரை ஒருத்தர் சொன்னதில்லை. நான் பக்கத்துத் தெருக்காரன். எனக்கே அதில் கொஞ்சம் தலைக்கனம் உண்டு.

"கரியா விழுந்து கெடந்துச்சு சாமி. அதைப் பாத்ததும் எங்களுக்குப் பொறுக்கல. கை தானா இன்னும் அழுத்தித் தொடைச்சிருச்சு. எதுக்காகப் போனோம்கிறதே மறந்துபோச்சு. நாலு பேருல ஒருத்திக்காவது அறிவு இருக்க வேணாமா? பதினொரு மணிக்குக் கூட்டம். மறுபடி போய்க் காயப் போட்டு எடுக்க நேரம் ஏது?"

சாமி எழுந்தார். தண்ணீர்த் தொட்டிக்குப் போய்க் கை கழுவினார். திரும்பி வந்து ஈரக் கையை நீட்டினார்.

"தொடைக்க ஒரு துணி குடுங்கம்மா."

முத்துராக்கு இடுப்பில் செருகியிருந்த துணியை உருவி நீட்டினாள். உடனே வெடுக்கென்று இழுத்துக்கொண்டாள்.

"வேணாம் சாமி, இது அழுக்கு."

"யார் வீட்டு அழுக்கு?"

முத்துராக்கு கையிலிருந்த துணியைப் பார்த்தாள்.

பிறகு சாமியிடம் சொல்லிக்கொள்ளக்கூட இல்லை. மற்ற மூன்று பேரின் வீட்டுக்கும் ஓடினாள். துணியைத் துவைக்கப் போட்டிருக்கக் கூடாதே என்று குலதெய்வத்தை வேண்டிக்கொண்டே ஓடினாள்.

*

கூட்டத்தில் கம்பெனி மேலாளர் அரை மணி நேரம் படம் காட்டினார். கடைசியில் தமிழுக்கு வந்தார்.

"எங்க பிளான்ட்ல இருந்து தூசி வெளியே வரவே வராது."

முத்துராக்கு எழுந்தாள். அப்பள டப்பாவைக் கலெக்டரின் மேஜையில் வைத்தாள்.

"நேத்து இவுக பிளான்ட் வாசல்ல காயப் போட்ட அப்பளம் சார்."

கலெக்டர் ஒன்றை எடுத்துப் புரட்டிப் பார்த்தார். மேலாளரும் எட்டிப் பார்த்தார். அவருக்கு முகமெல்லாம் சிரிப்பு.

"நான் சொல்லல? எவ்வளவு சுத்தமா இருக்கு பாருங்க!"

"எங்க கைய விட்டுப் போற சரக்கு சுத்தமாத்தான் போகும். அது எங்க பெருமை. உங்க பெருமை இதுல இருக்கு."

நான்கு துணிகளை ஒவ்வொன்றாக விரித்தாள். முந்தின நாள் காலை வரை வெள்ளையாக இருந்தவை. இப்போது கொல்லன் பட்டறைத் துணி மாதிரி கிடந்தன.

"அரை நாள் தூசி சார் இது. அப்பளத்தத் தொடைச்சுட்டோம். அந்தப் பள்ளிக்கூடத்துல இருநூறு புள்ளைங்க படிக்குது. அதுக நெஞ்சுக்குள்ள விட்டுத் தொடைக்க எங்ககிட்ட துணி இல்ல."

பின்னால் உட்கார்ந்திருந்த தெரு மொத்தமும் எழுந்து நின்றது. யாரும் கோஷம் போடவில்லை. சும்மா நின்றார்கள்.

கலெக்டர் மேலாளரைப் பார்த்தார். மேலாளர் தன் காகிதங்களைப் பார்த்தார்.

"இந்த எடத்துக்கு அனுமதி கிடையாது. வேற எடம் பாருங்க" என்றார் கலெக்டர். பிறகு முத்துராக்கு பக்கம் திரும்பினார். "அம்மா, இந்தத் துணி நாலும் ஃபைல்ல இருக்கட்டும். குடுத்துட்டுப் போறீங்களா?"

முத்துராக்கு துணிகளை நேர்த்தியாக மடித்து மேஜையில் வைத்தாள். நாலடி நடந்தாள். என்ன தோன்றியதோ, திரும்பி வந்தாள்.

"துவைச்சுராதீக சார்."